மதாம் காட்

பெற்றோருக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எட்டு, ஒன்பது வயதில் வீட்டுக்காரரின் கடிதத்தை மேசையில் விரித்து வைத்து வாசித்தவர்கள். பல் வைத்தியரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, அம்மாவின் வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதை அம்மாவுக்கே சொன்னவர்கள். இப்போது நம்மில் பலருக்குச் சொந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னீர்களா?

நான் ஒரு தடவை சரியாகச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் ‘மதாம் காட்’, அதாவது மதாமின் அட்டை, என்று ஒரு சொல் உண்டு. வேறு எந்தத் தமிழ் வீட்டிலும் அது இருக்காது. ஒரு மாதத்தில் பொன்னிறம் உரிந்த கைக்கடிகாரம் மதாம் காட். அறுபது நிமிடம் என்று போட்டுவிட்டு இருபது நிமிடத்தில் தீர்ந்துபோன ரெலிபோன் அட்டை மதாம் காட். போலியான எதுவும், சிரித்துக்கொண்டு தந்து ஏமாற்றுகிற எதுவும் அப்பாவின் வாயில் அப்படித்தான் வரும். இருபது வருடமாக வருகிறது. அந்தச் சொல் ஒரு மனுசியின் மேல் விழுந்த பழி. அதைப் போட்டது நான்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம் நாங்கள் மொன்ட்ரியால் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷனில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் நடு மாடியில் இருந்தோம். நகரத்தின் பேஸ்பால் குழு இந்த வருடத்தோடு நகரத்தை விட்டே போகப்போகிறதாம் என்று கோடை முழுக்க வானொலியில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அது செய்தியே இல்லை. அப்பாவுக்கு விளையாட்டு என்றால் கிரிக்கெட். ஆனால் கீழ்வீட்டு வானொலி எப்போதும் அந்தப் பந்தடியில்தான் நிற்கும். கூட்டத்தின் இரைச்சல் எங்கள் குளியலறைக் குழாய் வழியாக மேலே வரும்.

கீழ்வீட்டில் ஒரு மதாம், பிரெஞ்சு பேசும் வயதான மனுசி, தனியாக இருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல். வாய் நிறையப் புகை, கையில் எப்போதும் ஒரு தட்டையான பெட்டி. பெண்களின் காலுறை வந்த பெட்டி. அதற்குள்தான் அட்டைகள். அவருக்கு என் வயதாயிருந்தபோது பபிள்கம் பைக்கற்றுக்குள் வந்தவை. அண்ணன்மார் பபிள்கம்மை மென்றார்களாம், இவர் அட்டைகளை எடுத்துக்கொண்டாராம். ஒவ்வொன்றிலும் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர். கன்னம் சிவக்க நிறம் தீட்டிய முகங்கள். மூக்கில் வைத்தால் முதலில் சிகரெட்டும், அதற்குப் பின்னால், நிறையப் பொறுமையோடு முகர்ந்தால், சீனித்தூளும் மணக்கும். சீனி மணத்தது என்பது உண்மையா, அவர் சொன்னதால் எனக்கு மணத்ததா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நாங்கள் அந்த அட்டைகளை வைத்து விளையாடினோம். தொடங்குவதற்கு ஒன்றை அவர் எனக்குக் கடனாகத் தந்தார். பின்னொழுங்கையில், கார்க் கொட்டகையின் செங்கல் சுவருக்கு முன்னால். சீமெந்தில் ஒரு வெடிப்பு இருந்தது. அதில் கால் வைத்து நின்று, மணிக்கட்டைச் சுண்டி, அட்டையைச் சுவரை நோக்கி எறிய வேண்டும். யாருடையது சுவருக்குக் கிட்ட விழுகிறதோ அவருக்கு இரண்டும். சுவரில் சாய்ந்து நிமிர்ந்து நின்றால் கீழே கிடப்பதெல்லாம் அவருக்கு. அதோடு மற்றவரின் பெட்டியிலிருந்து விரும்பிய ஒன்றையும் கேட்கலாம். வென்றது வென்றவருக்கே. திரும்ப வேண்டுமானால் திரும்ப வெல்ல வேண்டும்.

மதாம் களவு விளையாடுவார். வெடிப்பைத் தாண்டிச் சப்பாத்தை நகர்த்துவார். நான் கத்துவேன். “எனக்கு மூட்டு வலி, மா பெல், கால் தானாகப் போகிறது” என்பார். தன்னிலும் சின்னப் பெண்கள் எல்லாரும் அவருக்கு ‘மா பெல்’, என் அழகிதான். தோற்றால் வாய்க்கு வந்தபடி ஏசுவார். அந்த வார்த்தைகளை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை.

இதற்கெல்லாம் விலை இருக்குமா என்று ஒருநாள் கேட்டேன்.

“என் மருமகன் விலை பார்த்துச் சொன்னான்” என்றார். “அதற்குப் பிறகு அவனுக்கு நான் பெட்டியைக் காட்டுவதில்லை. இனி எறி.”

நான் முதல் தடவை நான்கு அட்டைகளோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா அவற்றை ஒரு கடதாசித் துண்டால் பிடித்துத் தூக்கினார். பிள்ளைகளுக்குப் போதைமருந்து தடவிய ஸ்டிக்கர் கொடுக்கிறார்கள் என்று கோயிலில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

“உந்த மனுசி ஏன் ஒரு சின்னப் பிள்ளையோட விளையாடுது? அதுக்கு வேற வேலை இல்லையோ?”

“இந்த நாட்டிலை சும்மா ஆர் என்ன குடுக்கினம்?” என்றார் அப்பா.

“சும்மா தரேல்லை அப்பா. நான் வெண்டனான்.”

“வெண்டனியோ?” அம்மா அப்பாவைப் பார்த்தார். “அப்ப சூதோ பழக்குது?”

அட்டைகள் இரண்டு நாள் பல்கனியில் வெயிலில் கிடந்தன. பிறகும் அம்மா என்னை முழுதாகத் தடுக்கவில்லை. சமையலறையின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, வெங்காயம் உரிக்கிற சாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. இன்று என் ஐந்து வயது மகள் கார்க் கொட்டகைக்குப் பின்னால் தெரியாத ஒருவரோடு விளையாடுகிறேன் என்று சொன்னால் நான் பின்கதவில் நிற்க மாட்டேன், கீழே இறங்கியே போவேன். ஆகவே அம்மாவை நான் குறை சொல்ல வரவில்லை.

ஓகஸ்ட் மாதமாக இருக்க வேண்டும், என் அட்டை ஒன்று சுவரில் மோதி, தயங்கி, சாய்ந்து நின்றது. அதுவரை ஒருவருக்கும் அப்படி நின்றதில்லை. காற்றுத்தான் நிறுத்தியது என்று மதாம் வாதாடினார். நான் விடவில்லை. அவர் பெட்டியிலிருந்து தொப்பியில்லாதவரின் அட்டையைக் கேட்டேன்.

பெட்டியிலிருந்த எல்லாரும் தொப்பி போட்டிருந்தார்கள், அவர் ஒருவர் மட்டும் இல்லை. பச்சைப் பின்னணி. வெறுந்தலையோடு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மூலை மழுங்கியிருந்தது. மதாம் சின்ன வயதில் கடித்ததாம். மதாம் அவரை நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் தந்தார்.

“நாளைக்கே திரும்ப எடுப்பேன்” என்றார்.

அந்த வார இறுதியில் அப்பாவோடு வேலை செய்யும் மாமா ஒருவர் தேத்தண்ணிக்கு வந்தார். நான் நிலத்தில் அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“மச்சான், உது என்னெண்டு தெரியுமே? வெள்ளைக்காரர் உதுக்கு உயிரை விடுவினம். இன்ரநெட்டிலை ஏலம் போகுது. குழுவும் போகப்போகுது எண்டுறாங்கள், இனி விலை ஏறத்தான் செய்யும்.”

“விசர்க்கதை” என்றார் அப்பா. ஆனால் அவர் குனிந்து முதன்முறையாக ஒரு அட்டையைக் கையில் எடுத்தார்.

அப்பா அப்போது இரண்டு பஸ் மாறி மொன்ட்ரியால்-நோருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பனிக்காலத்தில் பஸ் தரிப்பில் நின்று காது விறைத்து வருவார். ஒரு பழைய வான் வாங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் தினமும் கதைக்கப்பட்டது. எந்த நிற வான் என்பதுகூட முடிவாகியிருந்தது.

அட்டைகள் நிலத்திலிருந்து அலுமாரிக்கு, பாஸ்போர்ட்டுகளுக்குப் பக்கத்தில், இடம் மாறின. இனிக் கீழே கொண்டுபோகக் கூடாது என்றார் அம்மா.

“மதாம் திருப்பி வெல்லவேணும். அதுதான் சட்டம்” என்றேன்.

“பாத்தியே?” என்றார் அப்பா அம்மாவிடம். “மனுசிக்கு விலை தெரிஞ்சிட்டுது. பிள்ளையிட்டையிருந்து திருப்பி எடுக்கப் பாக்குது.”

பின்னேரங்களில் மதாம் ஒழுங்கையில் நின்று மேலே பார்த்துக் கூப்பிடுவார். “மா பெல்! அவனைக் கொண்டுவா, இன்றைக்கு மீட்கிறேன்!” என்ன கத்துகிறா என்று அம்மா கேட்பார். நான் மொழிபெயர்ப்பேன். அது சரியான மொழிபெயர்ப்புத்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அது மதாமுக்கு எதிரான சாட்சியாகவே போய்ச் சேர்ந்தது.

லமினேட் செய்யலாம் என்று சொன்னது அம்மா. எங்கள் வீட்டில் எல்லாமே லமினேட் செய்யப்பட்டிருந்தன. பிறப்புச் சான்றிதழ்கள், குடிவரவில் தந்த லான்டிங் பேப்பரின் பிரதி, நான் நீச்சல் பழகியதற்குக் கிடைத்த கடதாசி, அம்மாவின் கல்யாணப் படம். உங்கள் வீடுகளிலும் அப்படித்தானே? இடம்பெயர்ந்து வள்ளத்தில் கடல் கடந்த இரவில் அம்மாவின் சான்றிதழ்கள் நனைந்து கூழாகிப்போயின. அம்மா ஊரில் கணிதம் படிப்பித்தவர். இங்கே அதை நிரூபிக்க ஒரு தாள் இல்லை.

“என்ர சேட்டிபிக்கற்றை அண்டைக்கு ஆரும் பிளாஸ்டிக்கிலை போட்டுத் தந்திருந்தா நான் இண்டைக்குப் பட்டன் தைக்கமாட்டன்” என்றார். “விலையுள்ள சாமான் எண்டா வடிவாப் பாதுகாக்கவேணும்.”

ஒன்பது அட்டைகளைத் தெரிந்தெடுத்தோம். ஜோன்-தலோன் வீதியில் போட்டோக்கொப்பி எடுக்கும் தமிழ்க் கடைக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குள் தள்ளினார். மறுபக்கத்தால் அவர்கள் சூடாக, பளபளவென்று வந்தார்கள். தொப்பியில்லாதவர் கடைசியாக வந்தார். நான் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடாக இருந்தார். சிகரெட் மணமும் இல்லை, சீனி மணமும் இல்லை. எனக்கு அது வடிவாகத்தான் தெரிந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை அப்பா சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு என்னோடு நகரின் நடுப்பகுதிக்கு வந்தார். பழைய அட்டைகள் வாங்கும் முதல் கடையில் இருந்தவன் ஒன்பதையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்குமாக இரண்டு டொலர் தருகிறேன் என்றான். விலையைப் புரிந்துகொள்ள அப்பாவுக்கு நான் தேவைப்படவில்லை.

“எங்கடை மூஞ்சையைப் பாத்தவுடன் மடையர் எண்டு நினைச்சிட்டான்” என்றார் வெளியே வந்து. “மற்றக் கடைக்குப் போவம். நீ வடிவாக் கேட்டுச் சொல்லு.”

மற்றக் கடை ஒரு படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. கடைக்காரர் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து அட்டையின் மேல் பிடித்தார். தொப்பியில்லாதவரின் மழுங்கிய மூலையை விரலால் தடவிப் பார்த்தார். பிளாஸ்டிக் விளிம்பை நகத்தால் கிண்டினார், அது அசையவில்லை. பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“இதை யார் செய்தது?” என்று பிரெஞ்சில் என்னைக் கேட்டார்.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“சின்னவளே, இது அசல். மூலை போனால்கூடப் பரவாயில்லை. இந்தத் தொப்பியில்லாத ஆளை மட்டும் விற்று உன் அப்பா நல்லதொரு பழைய கார் வாங்கியிருக்கலாம். சூட்டில் ஒட்டிய பிறகு ஒருவரும் வாங்க மாட்டார்கள். பிரித்தால் கிழிந்துவிடும். இனி இதைப் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைக்கலாம். அப்பாவுக்குச் சொல்.”

அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அயர்ன் பண்ணிய சேர்ட்டின் கழுத்துப் பட்டனைப் பூட்டியிருந்தார், அந்தச் சூட்டிலும்.

“என்னவாம்?”

“இது கொப்பியாம், அப்பா. உண்மையானது இல்லையாம்.”

“வடிவாக் கேட்டியோ?”

“ஓம்.”

“‘ஓட்டோ’ எண்டு ஏதோ சொன்னவன்?” பிரெஞ்சில் காருக்கு அதுதான் சொல்.

“நாங்கள் காரிலையோ வந்தனாங்கள் எண்டு கேட்டவர்.”

இவ்வளவுதான். ஒன்பது வயதில் நான் அதை ஒரு பொய் என்று நினைக்கவில்லை. ஒரு தட்டைக் கீழே விழாமல் பிடிப்பதுபோலத்தான் இருந்தது. அம்மாவின் யோசனை, அப்பா கொடுத்த காசு, எங்கள் வான் — இதையெல்லாம் ஒரு வசனத்தில் அவர் தலையில் எப்படிப் போடுவது? ஆனால் அந்தப் பாரம் எங்கேயாவது விழத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மெட்ரோவில் பெர்ரி நிலையம் தாண்டியதும் அப்பா கழுத்துப் பட்டனைக் கழற்றினார். பிறகு, “நான் அப்பவே சொன்னனான்” என்றார். முகத்தில் கோபத்தைவிட ஒருவித ஆறுதல்தான் தெரிந்தது. ஏமாற்றப்படுவது அவருக்குப் பழக்கமானது. அதை எப்படிச் சுமப்பது என்று அவருக்குத் தெரியும்.

அன்றைக்கே எல்லா அட்டைகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். லமினேட் செய்த ஒன்பதும், செய்யாத இருபத்துச் சொச்சமும் ஒரு பையில். “ஒண்டும் கதைக்காதை. குடுத்திட்டு வா.”

மதாம் பின்கதவைத் திறந்து பையை வாங்கிக் கவிழ்த்தார். ஒன்பதும் மற்றவற்றின் மேல் சறுக்கி வந்து விழுந்தன. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொப்பியில்லாதவரை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ஒழுங்கைக்குப் போய், வெடிப்பில் கால் வைத்து (அன்றைக்குத் தாண்டவில்லை) சுவரை நோக்கிச் சுண்டினார். அது செங்கல்லில் டிக்கென்று மோதி, வழுக்கிக்கொண்டு அவர் காலடிக்கே திரும்பி வந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாம் தடவையும் வந்தது.

“இனி இவனை மீட்க முடியாது” என்றார்.

“பாதுகாக்கத்தான் அப்படிச் செய்தோம்” என்றேன்.

“என்னிடமிருந்தா?”

ஒன்பதையும் என் கையில் திரும்பத் திணித்தார். வென்றது வென்றவருக்கே. மற்றவற்றைத் தான் வைத்துக்கொண்டு, “இவர்களுக்காக விளையாட நாளைக்கு வா” என்றார்.

நான் போகவில்லை. அன்றிலிருந்து பின்படியை விட்டு முன்படியால்தான் பள்ளிக்கூடம் போனேன். ஒன்பதையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. எட்டை, டெப்பனர் என்று சொல்லும் மூலைக்கடையின் வாசலிலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். தொப்பியில்லாதவரை மட்டும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் புத்தகத்தின் உறைக்குள் செருகினேன்.

அதற்குப் பிறகு அப்பா மதாமைப் படியில் கண்டால் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பார். மதாம் “பொன்ஜூர்” என்பார். அப்பாவுக்குக் கேட்காது. சில வாரங்களுக்குப் பிறகு மதாமும் நிறுத்திவிட்டார். ஆனால் பனி விழும்வரை பின்னேரங்களில் ஒழுங்கையிலிருந்து அட்டை செங்கல்லில் படும் சத்தம் வரும். முதலில் ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஒருநாள் குளியலறை ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று எறிந்துகொண்டிருந்தார். வலது கை களவு விளையாடியது.

அடுத்த ஜூலை முதலாம் திகதி, நகரமே வீடு மாறும் நாளில், அவரும் மாறிப்போனார். மருமகனின் வானில் சாமான்கள் ஏறின. பெட்டி அவர் மடியில் இருந்தது.

இப்போது அப்பாவும் அம்மாவும் லொங்கேயில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். வாசலில் கார் நிற்கிறது. இந்தக் கதையை நான் அப்படியே விட்டிருக்கலாம். போன மாதம், நான் இப்போது இருக்கும் கட்டடத்தில், மேல்வீட்டுக்காரர் படியில் வைத்து என் மகளுக்கு ஒரு பொம்மை நீட்டினார். குலுக்கினால் பனி கொட்டுகிற கண்ணாடிக் குமிழ். நான் வழக்கம்போல அதற்குள் என்ன திரவம் இருக்கும், உடைந்தால் என்னாகும், இவர் ஏன் தருகிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மகள் முந்திக்கொண்டு இரண்டு கைகளையும் பின்னால் கட்டினாள்.

“வேண்டாம். அது மதாம் காட்” என்றாள்.

அவருக்கு அர்த்தம் விளங்கவில்லை. ஆனால் பின்னால் போன கைகள் விளங்கின. குமிழைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தொப்பியில்லாதவரை அப்பாவின் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். பிளாஸ்டிக் மஞ்சளாகியிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் சொன்னதை இந்தத் தடவை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். அம்மா கையைத் துவாயில் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கை.

அப்பாவின் முதல் கேள்வி நான் நினைத்ததாக இருக்கவில்லை.

“மற்ற எட்டும் எங்கை?”

“எறிஞ்சிட்டன்.”

“எறிஞ்சனியோ, வித்தனியோ?”

“இஞ்சாருங்கோ!” என்றார் அம்மா.

அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப கார் எண்டுதான் சொன்னவன்.”

“ஓம்.”

“நான் அந்த மனுசிக்குப் பொன்ஜூர் சொல்லேல்லை” என்றார். “ஒரு வருசம். கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது ஒருநாள், நான் மற்றப் பக்கத்தாலை போனனான்.”

 முன்னறையில் மகள் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பாரம் இறங்கியதுபோலக்கூட இருந்தது.

“அப்ப,” என்றார் அப்பா மெதுவாக, “டொக்டர் அம்மாவின்ர ஒப்பரேசனுக்கு முன்னம் சொன்னது?”

“அது சரியாத்தான் சொன்னனான், அப்பா.”

“பள்ளிக்கூடத்திலை உன்ர ரீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது? இமிகிரேசன் கந்தோரிலை அந்தப் பெட்டை, என்ர பேப்பர் ஏன் பிந்தினது எண்டு சொன்னது?”

“எல்லாம் சரியாத்தான் சொன்னனான்.”

எனக்குச் சில நினைவில் இருந்தன. பல நினைவில் இல்லை. நான் அப்போது ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை.

அப்பா அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தி, அசலா என்று சோதிப்பவர்போலப் பிடித்திருந்தார். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னை.